கடைசி வார்த்தையும் காட்டாறும்: இரட்சணிய யாத்திரிகத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

கிறிஸ்தவ வீடுகளில் துக்கம் கேட்கப் போனால் ஒரு கேள்வி தவறாமல் காதில் விழும். "கடைசியா ஏதாச்சும் சொன்னாங்களா?" போனவர் ஜெபித்தார், பாட்டுப் பாடினார், கர்த்தருடைய பெயரைச் சொன்னார் என்று பதில் வந்தால் கேட்டவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். "நல்ல சாவு" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்காருவார். "ஐசியூல டியூப் போட்டிருந்தாங்க, பேச முடியல" என்று பதில் வந்தால் அங்கே ஒரு சின்ன அமைதி. அந்த அமைதிதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

கேள்வி கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது, தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குச் சாவைக் கற்பனை செய்யச் சொல்லிக் கொடுத்த நூல்கள் இந்தக் கேள்வியை ஆதரிக்கின்றனவா என்பதுதான் என் விசாரணை. அந்த நூல்களை உட்கார்ந்து படித்தால் கிடைக்கிற விடை நேர் எதிராக இருக்கிறது. கடைசி நிமிடத்தை வைத்து ஒரு மனிதரை அளக்க முடியாது என்றுதான் அவை சொல்கின்றன.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இறையியல் படித்தவன் இல்லை. பி.ஈ. முடித்து, கோடு எழுதிப் பிழைக்கிறவன். அம்மா வழியில் சி.எஸ்.ஐ. குடும்பம், அப்பா வழியில் பெருமாள் கோயில். ராஜபாளையத்தில் இருந்து வீட்டு வேலை பார்க்கத் தொடங்கிய பிறகு சனி ஞாயிறுகளில் செண்பகத்தோப்பு பக்கம் போய் வருவது வழக்கமாகிவிட்டது. கடந்த ஆறு மாதமாகப் பையில் இருந்த புத்தகம் இரட்சணிய யாத்திரிகம்.

நூலும் ஆளும்

ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ண பிள்ளை 1827-இல் திருநெல்வேலிக்கு அருகே கரையிருப்பில் ஒரு வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். கம்பனைக் கேட்டு வளர்ந்தவர். சாயர்புரம் மிஷன் பள்ளியில் தமிழ் ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்தார். 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். ஜான் பன்யன் 1678-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'பில்கிரிம்ஸ் ப்ராகிரஸ்' கதையை எடுத்து, கம்பன் நடையில் ஒரு காப்பியமாக்கினார். 'நற்போதகம்' இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வந்து, 1894-இல் நூலானது. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய என்று ஐந்து பருவங்கள். மூவாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட பாடல்கள். 1900-இல் அவர் காலமானார். 'கிறிஸ்தவக் கம்பர்' என்ற பட்டம் இன்றைக்கும் அவருக்கு நிற்கிறது.

அவர் எழுதிய காலத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருந்தது. 1910-இல் ராமநாதபுரம் ஜில்லா உருவானபோதுதான் பிரிந்தது. ஆகவே இது எங்கள் ஜில்லாக்காரர் ஒருவர் எழுதிய காப்பியம் என்று நான் உரிமை கொண்டாடுவதில் பிழை இல்லை.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். நாசபுரியில் இருந்து ஒருவன் முதுகில் பாவச் சுமையோடு கிளம்புகிறான். சிலுவையின் அடியில் சுமை விழுகிறது. பல ஆபத்துகளைத் தாண்டிப் பரம நகரத்துக்குப் போய்ச் சேர்கிறான். நகரத்துக்கு முன்னால் ஓர் ஆறு. அதற்குப் பாலம் கிடையாது. அந்த ஆறுதான் மரணம்.

ஆற்றில் நடந்தது என்ன?

பன்யனின் மூலத்தில் இந்த இடத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். கரையில் நிற்கும் இருவரிடம் கிறிஸ்தியான் கேட்கிறான்: தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே ஆழமா? அரசர் மேல் உனக்கு இருக்கிற நம்பிக்கையைப் பொறுத்து ஆழம் கூடும், குறையும் என்று பதில் வருகிறது. இந்தப் பதிலை மட்டும் எடுத்துக்கொண்டால் கணக்கு சுலபம். நம்பிக்கை அதிகம் என்றால் தண்ணீர் முழங்கால் அளவு, குறைவு என்றால் முங்கிப் போவான். பல பிரசங்கங்கள் இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. கிறிஸ்தியான் இறங்கியதும் முங்குகிறான். கண் இருட்டுகிறது. வழியெல்லாம் அனுபவித்த நன்மைகளில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. பேச்சு கோர்வையாக வரவில்லை. பழைய பாவங்கள்தான் முன்னால் வந்து நிற்கின்றன. கூட வரும் தோழன் ஹோப்ஃபுல், நம் மொழியில் நம்பிக்கையன், அவன் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடிக்கப் படாதபாடு படுகிறான். "வாசலில் நமக்காக ஆள் நிற்கிறார்கள் தெரிகிறதா" என்று இவன் கேட்டால், "உனக்காகத்தான் நிற்கிறார்கள், எனக்கு இல்லை" என்கிறான் அவன். இந்தத் தத்தளிப்பு கடவுள் உன்னைக் கைவிட்டதற்கு அடையாளம் ஆகாது என்று தோழன் எடுத்துச் சொல்கிறான். பிறகுதான் காலுக்குத் தரை தட்டுப்படுகிறது.

கதை முழுக்கப் போராடி வந்த கதாநாயகன் இவன். சுமை விழுந்தவன், அரக்கனோடு சண்டை போட்டவன். அவனுடைய சாவு அழகாக இல்லை. "கடைசியா என்ன சொன்னார்" என்று யாராவது நம்பிக்கையனைக் கேட்டிருந்தால், பாவம், அவன் என்ன பதில் சொல்லியிருப்பான்?

அடுத்து வருவது இதைவிட முக்கியம். இருவரும் கரையேறிய பிறகு 'அறியாமை' என்ற பெயருடைய ஒருவன் அதே ஆற்றுக்கு வருகிறான். அவனுக்கு 'வீண் நம்பிக்கை' என்ற ஓடக்காரன் கிடைக்கிறான். பாதி சிரமம்கூட இல்லாமல் அக்கரை போய்விடுகிறான். வாசலில் அவனிடம் சான்றுச் சீட்டைக் கேட்கிறார்கள். இல்லை. கைகால் கட்டப்பட்டு வெளியேற்றப்படுகிறான். முதல் பாகம் இந்தக் காட்சியோடு முடிகிறது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திணறித் திணறிப் போனவன் உள்ளே. சொகுசாகப் போனவன் வெளியே. ஒரு புரோகிராமர் மொழியில் சொன்னால், பன்யன் இரண்டு டெஸ்ட் கேஸ் எழுதியிருக்கிறார். கடைசி நேர அமைதி என்ற அளவுகோல் இரண்டிலும் தவறான விடை தருகிறது. இதற்கு மேல் ஒரு எழுத்தாளர் எப்படிச் சொல்வார்?

ஆழம் மாறும் ஆறு என்ற கற்பனை சமவெளியில் வாழ்கிறவர்களுக்கு உருவகம். செண்பகத்தோப்பில் நிற்பவனுக்கு அது வெறும் தகவல். நரை அணில் சரணாலயத்துக்குள் இறங்கும் ஓடைகள் வருஷத்தில் பல மாதம் வெறும் பாறையும் மணலும்தான். மேலே மலையில் பெய்யும் மழை கீழே நிற்பவன் கண்ணுக்குத் தெரியாது. கணுக்கால் நனைய நடந்த அதே இடத்தில் சற்று நேரத்தில் ஆள் நிற்க முடியாது. காட்டுப் பழக்கமுள்ள பெரியவர் ஒருவர் எனக்குச் சொன்னது: "மேல கருத்துருச்சுன்னா கீழ தண்ணி இல்லைன்னாலும் எறங்காதீக. எறங்கிட்டா தனியா எறங்காதீக." முதல் வாக்கியம் சாவுக்குப் பொருந்தாது, ஏனென்றால் அந்த ஆற்றில் இறங்காமல் இருக்க வழி இல்லை. இரண்டாவது வாக்கியம் முழுக்கப் பொருந்தும். வெள்ளத்தில் நிற்பவனின் ஆழம் அவன் தைரியத்தை மட்டும் பொறுத்தது என்று காட்டாறு தெரிந்த யாரும் சொல்ல மாட்டார்கள்.

கிருஷ்ண பிள்ளை சேர்த்தது

கிருஷ்ண பிள்ளை பன்யனை அப்படியே மொழிபெயர்க்கவில்லை. அவர் செய்த மிகப் பெரிய மாற்றம் குமார பருவத்தில் இருக்கிறது. பன்யனின் கதைக்குள் சிலுவை ஒரு மேட்டின் மேல் நிற்கிறது, பயணி அதைப் பார்க்கிறான், சுமை விழுகிறது, அவ்வளவுதான். இங்கிலாந்து வாசகருக்குச் சிலுவைக் கதை தெரியும், சொல்ல வேண்டியதில்லை. கிருஷ்ண பிள்ளையோ கிறிஸ்துவின் பாடுகளையும் மரணத்தையும் விரிவாகக் காப்பியத்துக்குள்ளேயே பாடுகிறார். காரணம் நடைமுறை சார்ந்தது என்று பலரும் சொல்வார்கள்: தமிழ் வாசகருக்கு அந்தக் கதை புதிது. சரிதான்.

ஆனால் விளைவைக் கவனியுங்கள். இப்போது நூலில் இரண்டு மரணங்கள். பயணி கடைசியில் ஆற்றுக்கு வருவதற்கு வெகு முன்பே வாசகர் ஒரு மரணத்தை உட்கார்ந்து பார்த்துவிடுகிறார். அதுவும் எப்படிப்பட்ட மரணம்? மத்தேயுவும் மாற்குவும் பதிந்திருக்கும் சிலுவை வார்த்தை ஒன்றுதான். அது வெற்றி முழக்கம் கிடையாது, ஏன் என்னைக் கைவிட்டீர் என்ற கூக்குரல். லூக்காவும் யோவானும் வேறு வார்த்தைகளைத் தருகிறார்கள், அவற்றில் அமைதி இருக்கிறது. ஆனாலும் அந்தக் கூக்குரலை யாரும் நீக்கிவிடவில்லை. "கடைசியா என்ன சொன்னாங்க" என்ற அளவுகோலை அங்கே கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் ஒருமுறை யோசிக்கலாம்.

இந்த வகையில் யாத்திரிகம் பன்யனைவிட ஒரு படி மேலே போகிறது என்பது என் கருத்து. சாவுக்கு ஆயத்தம் என்பது அதில் ஒரு பயிற்சியாக வரவில்லை. நமக்கு முன்னால் ஒருவர் அதே தண்ணீரில் முங்கியிருக்கிறார் என்ற செய்தியாக வருகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் செய்த முன்பதிவு

கிருஷ்ண பிள்ளையின் பிறந்த வீட்டு நூல்களில் இந்தக் கவலைக்கு ஏற்கெனவே ஒரு பதில் உண்டு. அந்தப் பதிலைச் சொன்னவர் செண்பகத்தோப்பில் இருந்து கூப்பிடு தூரத்து ஊர்க்காரர், பெரியாழ்வார். திருவரங்கத்துப் பெருமாளை நோக்கிய ஒரு பதிகத்தில் அவர் சொல்வதன் சாரம் இது: உடம்பு ஓய்ந்து விழும் அந்த நேரத்தில் உன்னை நினைக்க எனக்கு முடியாமல் போகும், ஆகவே தெளிவாக இருக்கும் இன்றைக்கே என் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுகிறேன். வைணவர்கள் போற்றும் வராக சரம சுலோகமும் இதே பக்கம்தான். சுகமாக இருக்கும்போது என்னை நினைத்தவன் கட்டைபோல் கிடக்கும் நாளில், அவனை நான் நினைத்துக்கொள்கிறேன் என்று பெருமாள் பொறுப்பேற்கிறார்.

இதை நான் இங்கே கொண்டுவருவது "எல்லா மதமும் ஒன்றுதான்" என்று சொல்ல இல்லை. கர்மம், பிறவி, பாவம், கிருபை எல்லாவற்றிலும் இரண்டு மரபுகளும் தூரத்தில் நிற்கின்றன, அதற்காகவேதான் கிருஷ்ண பிள்ளை ஒன்றை விட்டு மற்றொன்றுக்குப் போனார். ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டு மரபுக்கும் ஒரே அனுபவ அறிவு: சாகிற மூளையை நம்பி எதையும் வைக்கக் கூடாது. ஐசியூ வருவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பெரியாழ்வாருக்கு அது தெரிந்திருக்கிறது.

இதைக் கண்ணால் பார்த்ததால்தான் எழுதுகிறேன். எங்கள் பெரியம்மா ஓய்வுபெற்ற டீச்சர். பைபிளைத் தலைகீழாக ஒப்பிப்பார். இடது பக்க மூளையில் பக்கவாதம் வந்து பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கேட்பது புரிந்தது, கையைப் பிடித்தால் அழுத்தினார். வாயில் மட்டும் ஒரே ஒரு சொல். "சாவி." தண்ணீர் வேணுமா என்றால் சாவி. வலிக்குதா என்றால் சாவி. அக்கா பீரோ சாவியைத் தேடினாள். அடக்க ஆராதனையில் போதகர் அதைப் பரலோக ராஜ்யத்தின் திறவுகோல் ஆக்கிவிட்டார். நல்ல மனசோடுதான் செய்தார். எனக்குத்தான் உறுத்தியது.

நரம்பியலில் இது பழைய கதை. பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் 1861-இல் விவரித்த நோயாளிக்கு எஞ்சியிருந்தது 'டான்' என்ற ஒரே ஓசை. எதைக் கேட்டாலும் அதுவே பதில். மூளையில் பேச்சுக்கான இடம் கெட்டுவிட்டால் சிலருக்கு ஒரு சொல் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. எது நிற்கும் என்பது அவர் தேர்வில் இல்லை. ஆக, அந்தச் சொல்லில் இருந்து ஆத்துமாவின் நிலையைப் படிக்க முடியாது, நல்லதாகவும் சரி, கெட்டதாகவும் சரி. போதகர் அதைத் திறவுகோல் ஆக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் என் வாதம். பெரியம்மாவுக்கு அந்த உதவி தேவைப்படவில்லை.

யாரும் படிக்காத இரண்டாம் பாகம்

பன்யன் 1684-இல் இரண்டாம் பாகம் எழுதினார். கிறிஸ்தியானின் மனைவியும் பிள்ளைகளும் ஒரு கூட்டமாகப் பயணம் போகும் கதை. கிருஷ்ண பிள்ளை காப்பியமாக்கியது முதல் பாகத்தின் கதையைத்தான். பிரசங்கத்திலும் ஞாயிறு பள்ளியிலும் நான் கேட்டதெல்லாம் அதே. எனக்கு இதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் சாவுக்கு ஆயத்தம் ஆவது எப்படி என்ற கேள்விக்கு உருப்படியான பதில் இரண்டாம் பாகத்தில்தான் இருக்கிறது.

அதில் ஒவ்வொருவருக்கும் பரம நகரத்தில் இருந்து ஒரு கடிதம் வருகிறது. இத்தனை நாளில் ஆற்றுக்கு வர வேண்டும் என்று. ஐ.டி. ஆட்களுக்குச் சொல்ல வேண்டுமென்றால், நோட்டீஸ் பீரியட். கடிதம் கிடைத்தவர் என்ன செய்கிறார்? கூட்டத்தைக் கூப்பிடுகிறார். செய்தியைச் சொல்கிறார். ஆளாளுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறார். கையில் இருப்பதைப் பிரித்துக் கொடுக்கிறார். ஊன்றுகோலோடு நொண்டி வந்தவர் ஊன்றுகோல்களை மகனுக்குக் கொடுக்கிறார். சண்டைக்காரர் தன் வாளை அடுத்து வரப்போகிறவருக்கு விடுகிறார். மனத்தளர்ச்சியிலேயே வாழ்ந்தவர், அந்தத் தளர்ச்சியை யாரும் வாரிசாக வாங்கிக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார். சுத்தமான கேடி செஷன். எல்லோரும் ஆற்றங்கரை வரை கூடப் போய் வழியனுப்புகிறார்கள்.

நம் வீடுகளில் நடப்பதோ தலைகீழ். கடிதம் டாக்டர் கையில் வருகிறது. அவர் மகனை வெளியே கூப்பிட்டுக் கொடுக்கிறார். மகன் மாமாவிடம் சொல்கிறான், மாமா ஊருக்கே சொல்கிறார். முகவரியில் இருக்கிற ஆளுக்கு மட்டும் கடிதம் போய்ச் சேராது. "தெரிஞ்சா தாங்க மாட்டாக." அதன் பிறகு அவரிடமே கடைசி வார்த்தையை எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

இரண்டாம் பாகத்தில் என்னை நிறுத்திய இடங்கள் இரண்டு. ஒன்று, நேர்மையார் என்று சொல்லத்தக்க கிழவர் ஹானஸ்ட். அவர் இறங்கும்போது ஆறு கரைபுரண்டு ஓடுகிறது. (அவ்வளவு நல்லவருக்கு! ஆழக் கணக்கு இங்கேயும் உடைகிறது.) ஆனால் அவர் உயிரோடு இருந்த காலத்திலேயே 'நல்மனசாட்சி' என்பவரிடம் பேசி வைத்திருந்தார், அந்த இடத்தில் வந்து என்னைச் சந்தியுங்கள் என்று. சொன்னபடி அவர் வந்து கை கொடுத்து அக்கரை சேர்க்கிறார். பெரியாழ்வார் செய்த அதே முன்பதிவு. பெட்ஃபோர்டில் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் கிடந்த பன்யன் பெரியாழ்வாரைக் கேள்விப்பட்டிருக்கவே முடியாது. ஆனாலும் இருவரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள்.

இரண்டாவது, மனத்தளர்ச்சிக்காரரின் மகள். 'ரொம்பப் பயந்தவள்' என்றே அவளுக்குப் பெயர். அவள் பாடிக்கொண்டே ஆற்றைக் கடக்கிறாள். ஆனால் அவள் பாடியது என்னவென்று ஒருவருக்கும் புரியவில்லை என்று பன்யன் எழுதுகிறார். விளக்கம் எதுவும் கிடையாது. ஒரு வாக்கியம் எழுதிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுகிறார். புரியாத கடைசிச் சொல்லை அப்படியே விட்டுவிடும் இந்த நிதானம் என்னைத் தொட்டது. 'சாவி'யையும் அப்படியே விட்டிருக்கலாம்.

நோட்டீஸ் இல்லாமலும், இருபது வருட நோட்டீஸிலும்

"சரி, கடிதம் வராமலே போகிறவர்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். ஆங்கிலிகன் சபையின் பழைய மன்றாட்டில் சடுதி மரணத்தில் இருந்து காப்பாற்றும் என்று ஒரு வேண்டுதல் உண்டு. இன்றைக்கு யாரைக் கேட்டாலும் "தூக்கத்திலேயே போயிரணும்" என்பதுதான் ஆசை. முன்னோர் பயந்ததை நாம் வரமாகக் கேட்கிறோம். அமெரிக்க எபிஸ்கோபல் சபை 1979-இல் தன் ஜெபப் புத்தகத்தைத் திருத்தியபோது, ஆயத்தம் இல்லாமல் திடீரென்று சாவது என்று அந்த வேண்டுதலை மாற்றி எழுதியது. பிரச்சினை திடீரில் இல்லை, ஆயத்தத்தில் இருக்கிறது என்பது அதன் பொருள். நல்ல திருத்தம்.

நம் பக்கத்திலேயே இதற்கு ஒரு ஜோடி உதாரணம் உண்டு. தாமஸ் ராக்லண்ட், கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றின் ஃபெலோ, சி.எம்.எஸ். மிஷனரி. 1854 முதல் வட திருநெல்வேலியில், அதாவது சிவகாசியைச் சுற்றிய நம் கரிசல் ஊர்களில், கூடாரம் போட்டு ஊர் ஊராகப் போனவர். நுரையீரல் சீக்கு இருந்தது. 1858 அக்டோபரில் சிவகாசியில் திடீரென்று இறந்தார். கிருஷ்ண பிள்ளை ஞானஸ்நானம் பெற்ற அதே வருஷம். வயது 43.

அவருடைய வாழ்க்கையை 1922-இல் புத்தகமாக எழுதியவர் டோனாவூர் ஏமி கார்மைக்கேல். அவருக்கு வாய்த்ததோ நேர் எதிர். 1931-இல் ஒரு குழியில் விழுந்து அடிபட்டவர், 1951 ஜனவரியில் இறக்கும் வரை ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் அறைக்குள்ளேயே கிடந்தார். கிடந்தபடியே எழுதினார். தன் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, 'அம்மா' என்று மட்டும் பொறித்தார்கள். ஒருவருக்கு நோட்டீஸே இல்லை, ஒருவருக்கு இருபது வருஷ நோட்டீஸ். இருவரில் யார் சாவு நல்ல சாவு என்ற கேள்வியே அபத்தமாகத் தோன்றுகிறது இல்லையா?

கத்தோலிக்கர்கள் இந்தச் சிக்கலை வேறு மாதிரிக் கையாண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வீரமாமுனிவரின் தேம்பாவணிக்கு நாயகன் சூசையப்பர், நன்மரணத்துக்குப் பாதுகாவலர் என்று அவர்கள் வணங்குபவர். அவர் சாவைப் பற்றி பைபிளில் ஒரு வரிகூட இல்லை. இயேசுவும் மரியாளும் பக்கத்தில் இருக்க இறந்தார் என்ற மரபை வைத்துத்தான் அவருக்கு அந்தப் பட்டம். அவர் என்ன பேசினார் என்பதைவிட யார் பக்கத்தில் இருந்தார்கள் என்பதுதான் அங்கே முக்கியம். 'அவஸ்தைப் பூசுதல்' என்று பழைய தலைமுறை சொன்ன சடங்கும் நோயாளி பேச வேண்டும் என்று நிபந்தனை போடவில்லை. எண்ணெய் பூசுகிறவர் பேசினால் போதும். கடைசி மூச்சுக்காகக் காத்திருக்காமல் நோயில் விழுந்ததுமே கொடுக்கலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் அதை முன்னால் நகர்த்தியது. சீர்திருத்த சபைகள் சடங்கைக் கழித்துக் கட்டியபோது, அந்த இடம் காலியாகி, சாகிறவரின் வாய் வார்த்தை அங்கே வந்து உட்கார்ந்துவிட்டது என்பது என் ஊகம்.

அப்படியானால் ஆயத்தம் என்பது?

என் வாசிப்பில் இந்த நூல்கள் எல்லாம் சேர்ந்து மூன்று விஷயம் சொல்கின்றன. சொல்ல வேண்டியதைத் தெளிவாக இருக்கும்போதே சொல்லிவிடு. ஆற்றில் கூட நிற்க ஆளை முன்கூட்டியே ஏற்பாடு செய். கடைசி நிமிடத்தை யாருக்கும் மார்க் போடப் பயன்படுத்தாதே.

பெரியம்மா முதல் இரண்டையும் செய்திருந்தார் என்பது காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. கணக்கு நோட்டு ஒன்றில், அடக்க ஆராதனைக்கு எந்தப் பாமாலை, எந்தக் கீர்த்தனை என்று எண்ணோடு எழுதியிருந்தார். பாங்க் நாமினி விவரம், வேலைக்கார அம்மாவுக்குக் கொடுக்க வேண்டிய தொகை, பேச்சு நின்றுபோன தம்பிக்கு ஒரு கடிதம். பதினோரு நாள் 'சாவி' பேச வேண்டியதை எல்லாம் அந்த நோட்டு நான்கு வருஷத்துக்கு முன்பே பேசி முடித்திருந்தது. தம்பி, அதாவது எங்கள் மாமா, இப்போது அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறார்.

ஆற்றில் கூட நிற்க ஆள் ஏற்பாடு செய்வதற்கு இன்றைக்கு ஒரு சட்ட வழியும் இருக்கிறது. நினைவு தப்பிய நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், என் சார்பில் யார் பேசலாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் 'லிவிங் வில்' செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் தீர்ப்புச் சொன்னது. முதலில் மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்று இருந்தது. 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தி, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும் என்று ஆக்கினார்கள். இதில் கிறிஸ்தவம் எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். நேர்மையார் நல்மனசாட்சியிடம் பேசி வைத்தாரே, அதன் இன்றைய படிவம் இது.

இரட்சணிய யாத்திரிகத்தை மதப் பிரசார நூல் என்று சொல்லித் தமிழ் இலக்கிய வாசகர்கள் ஒதுக்குகிறார்கள். கிறிஸ்தவர்கள் செய்யுள் கடினம் என்று சொல்லி ஒதுக்குகிறார்கள். இரண்டு தரப்பும் இரட்சணிய பருவத்தையாவது ஒருமுறை படியுங்கள். கூடவே பன்யனின் இரண்டாம் பாகத்தின் கடைசிப் பதினைந்து பக்கங்களையும் சேர்த்துப் படியுங்கள். அடுத்த துக்க வீட்டில் "கடைசியா என்ன சொன்னாங்க" என்று வாய் வரை வரும்போது, "அவங்களோட உங்களுக்கு எத்தனை வருஷப் பழக்கம்?" என்று கேட்டுப் பாருங்கள். எதிரே இருப்பவர் பேச ஆரம்பிப்பார். நான் இரண்டு வீட்டில் கேட்டுப் பார்த்துவிட்டேன், எழுந்திருக்க ஒரு மணி நேரம் ஆனது.